போர்ட் லூயி நகரில் இரண்டு நாள்

வழிச்செலவு பண்டுதொட்டு மக்கட்கு இன்பமும் அறிவும் ஒருங்கே தருவதாகும். பொருள் தேடிச் சென்றாரும், கல்வி நாடிச் சென்றாரும், திருத்தலம் வணங்கச் சென்றாரும் முற்காலத்தே பலர். இக்காலத்திலோ ஓய்வு கருதிச் செல்வாரே மிகுதி. ஓய்வு தேடுதல் குற்றமன்று. ஆறு நாள் உழைத்தார்க்கு ஏழாம் நாள் ஓய்வுண்டு என்பது எம் மறையின் முதலேட்டிலேயே கூறப்பட்ட செய்தி. ஆயினும், ஒரு நாட்டின் மணலையும் நீரையும் மட்டுமே கண்டு மீள்வோர் அந்நாட்டைக் கண்டவராவரோ என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு.

இவ்வையம் எம் ஊர்ப்புறத்திலேயே பிறந்தது. யாம் புதுவையைச் சார்ந்த வில்லியனூர்க் கொம்யூனில் வாழ்வோம். எம் அன்னையார் பிறந்த ஊர் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தது. விடுமுறை நாள்களில் மணப்பட்டு, நரம்பை முதலிய கடலோர ஊர்களை நோக்கி, தொலைநகரத்து வண்டிகள் பல கடலூர்ச் சாலையில் விரைந்தோடக் காண்கின்றோம். அச்சாலைக்கு மேற்கே சிறிது தொலைவில் பாகூர் இருக்கின்றது. அங்கே சோழர் காலத்து மூலநாதர் கோயில் உண்டு. நெல்வயல்களை ஊட்டும் பேரேரி உண்டு. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தே ஒரு வித்தியாஸ்தானத்திற்கு, அஃதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையைக் கூறும் செப்பேடு கிடைத்ததும் அவ்வூரிலேயே. விரையும் வண்டிகளுள் ஒன்றேனும் மேற்கே திரும்பக் காண்டல் அரிது. அவர்கள் கடலைக் கண்டார்கள், ஊரைக் கண்டிலர். அயல்நாடு செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியபோது இவ்வெண்ணமே எம்முன் நின்றது.

எம் தமக்கையாரின் கணவர் இந்துமாக்கடலிலுள்ள மொரீசியஸ் தீவின் மேல்கரையில், ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் என்னும் ஊரில், ஒரு கடற்கரை விடுதியின் சமையற்கூடத்தில் பணி புரிகின்றார். தமக்கையாரும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் அவருடன் வாழ்கின்றனர். கோடை விடுமுறையில் அவர்களைக் காண எம் பெற்றோருடன் யாமும் புறப்பட ஆயத்தமானோம். அப்போது மைத்துனர் தொலைபேசியில் எம் தந்தையாரிடம் கூறியது இது:

“மாமா, போர்ட் லூயியில் என்ன இருக்கிறது? நெரிசலும் வெக்கையுந்தான். விமான நிலையத்திலிருந்து நேரே கடற்கரைக்கு வந்துவிடுங்கள். அறையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன்.”

தந்தையார் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் நகைத்து, “மாப்பிள்ளை, ஒரு வீட்டுக்குப் போகிறவன் தெருவாசல் வழியாகத்தானே போகவேண்டும்? கொல்லைப்புறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் தலைநகரத்தில் இருந்துவிட்டு வருகிறோம்” என்றார்.

அன்னையாரின் உள்ளத்திருந்தது வேறொன்று. தம் பேத்தி தொலைபேசியில் ‘ஆயா’ என்று அழைப்பாள். அதற்குமேல் அவள் பேசுவதெல்லாம் அத்தீவின் கிரெயோல் மொழியே. விளையாட்டுத் தோழரும் பள்ளியும் அவளுக்கு அளித்த மொழி அதுதான். “என் பேத்தியோடு பேச எனக்கு ஒரு பாஷை இல்லையே” என்று அன்னையார் இருமுறை சொன்னார், பிறகு சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே எமக்கு மிகுந்த துயர் தந்தது.

மொரீசியஸ் தீவின் விமான நிலையம் தென்கிழக்கில் உள்ளது. தலைநகரமாகிய போர்ட் லூயியோ வடமேற்குக் கரையில் உள்ளது. ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பயணிகள் அத்தீவிற்கு வருகின்றனர். அவர்களுட் பலர் விமான நிலையத்திலிருந்து நேரே கரையோர விடுதி சென்று, அங்கிருந்து நேரே விமான நிலையம் மீள்வர். யாம் தலைநகர் நோக்கிச் சென்ற வழியின் இருமருங்கும் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. எம் ஊரில் கத்திரி வெயில் காயும் காலம் அங்கே குளிர்காலத் தொடக்கமாதலின், கரும்புகள் முதிர்ந்து, வெள்ளிய பூங்கதிர்களை ஏந்தி நின்றன. தோட்டங்களின் நடுவே கருங்கற் குவியல்கள் சிறு குன்றுகள்போல் ஆங்காங்கே காணப்பட்டன. அவை எரிமலைக் கற்கள் என்றும், நிலத்தைத் திருத்தியபோது தொழிலாளர் தம் கையாற் பொறுக்கிக் குவித்தவை என்றும் ஊர்தி ஓட்டியவர் கூறினார். அக்குவியல்களை யாம் கண்ட அளவிலேயே அந்நாட்டு வரலாற்றின் முதற்பாடம் தொடங்கிவிட்டது.

இத்தீவின் வரலாற்றில் ஒரு புதுமை உண்டு. இங்கே பழங்குடிகள் எவரும் இலர். 1598இல் ஒல்லாந்தர் இறங்கித் தம் இளவரசர் மௌரிசின் பெயரை இதற்கு இட்டனர்; 1710இல் விட்டு நீங்கினர். 1715இல் பிரெஞ்சுக்காரர் கைக்கொண்டு ‘பிரான்சுத் தீவு’ என்றனர். 1810இல் ஆங்கிலேயர் வென்று பழைய பெயரை மீண்டும் வழங்கினர். 1968 மார்ச்சு 12ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், இந்தியர், சீனர் என இன்று அங்கு வாழ்வோர் அனைவரும் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களே. வந்தோரிற் பெரும்பாலார் முதலில் அடி வைத்த இடம் போர்ட் லூயித் துறைமுகம். எனவே, அந்நகரம் ஏனைத் தலைநகரங்களைப்போல் அரசு வீற்றிருக்கும் இடம் மட்டுமன்று. அம்மக்கள் ஒரு மக்களாய்ப் பிறந்த இடமுமாகும்.

நகரின் பின்னே மலைகள் அரைவட்டமாய்ச் சூழ்ந்துள்ளன. கட்டைவிரலை நிமிர்த்தினாற் போன்றதொரு மலை, உச்சியில் ஒரு பாறையைத் தலைபோல் தாங்கியதொரு மலை, முன்னே கடல். இடையில் அமைந்த நகரம் பெரிதன்று, நடந்தே காணத்தக்கது. துறைமுகத்தை நோக்கிய பனைமர வரிசையின் முகப்பில் மாயே தெ லா பூர்தொனே என்னும் ஆளுநரின் சிலை நிற்கின்றது. அவர் 1735இல் பொறுப்பேற்று, சிறு குடியிருப்பாய்க் கிடந்த இடத்தைத் துறைமுக நகராக்கியவர். அவர் பெயர் புதுவை மாணவர்க்குப் புதியதன்று. 1746இல் இத்தீவினின்று கப்பற்படை கொண்டுவந்து சென்னையைப் பிடித்தவர் அவரே. அவ்வெற்றியின் பின் அவருக்கும் புதுவை ஆளுநர் டூப்ளேக்கும் மூண்ட பூசலை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிற் படித்திருக்கின்றோம். பூசலின் முடிவில் லா பூர்தொனே பாஸ்தீல் சிறையில் அடைபட்டார். டூப்ளேயும் பின்னர்ப் பதவி இழந்து வறுமையில் மாண்டார். இன்று ஒருவரின் சிலை போர்ட் லூயித் துறைமுகத்தின் எதிரே நிற்கின்றது. மற்றவரின் சிலை புதுவைக் கடற்கரைச் சாலையில் நிற்கின்றது. இருவரையும் சிலையாக்கி நிறுத்திய காலம், அவர்தம் பூசலை ஏட்டில் மட்டுமே விட்டு வைத்தது.

சிலை அவருக்கு உண்டு. ஆனால் கல் சுமந்தவர் யார்? 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே புதுவையிலிருந்து கொத்தரும் தச்சரும் கொல்லரும் ஒப்பந்தம் பேசி இத்தீவிற்குக் கொண்டுவரப்பட்டனர். துறைமுகத்தையும் பண்டசாலைகளையும் எழுப்பியதில் அவர்கள் கைவண்ணம் உண்டு. தமிழரைப் பிரெஞ்சுக்காரர் ‘மலபார்’ என்றழைத்தமையால், நகரின் கீழ்ப்பால் அவர்கள் வாழ்ந்த பகுதி ‘மலபார் முகாம்’ எனப்பட்டது. கூலி பேசி உரிமையோடு வந்தவர் மட்டுமல்லர். விலைக்கு விற்கப்பட்டு அடிமைகளாய் வந்த இந்தியரும் அக்காலத்தே உண்டு. கரும்புத் தோட்டத் தொழிலுக்கு ஆட்கள் வருமுன் ஒரு நூற்றாண்டுக் காலம் புதுவைக்கும் இந்நகருக்கும் இத்தொடர்பு இருந்தது. தந்தையார் ஒரு பழைய சுவரின் கருங்கல்லைக் கையால் தடவிப் பார்த்து, “இதைச் செதுக்கியவன் வில்லியனூர்க்காரனாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்படியும் நம் பக்கத்தவன்” என்றார்.

அங்கிருந்து சிறிது தொலைவில், பேருந்து நிலையத்தின் அருகே, நீரோரத்தில் ஆப்பிரவாசி கட்டம் இருக்கின்றது. வந்தேறிகளின் துறை என்பது பெயரின் பொருள். 1849இல் இங்கே ஆங்கிலேய அரசு குடியேற்றக் கூடத்தை நிறுவிற்று. 1835இல் அத்தீவில் அடிமை முறை ஒழிந்தமையின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். அதற்கு முந்திய ஆண்டாகிய 1834 நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னும் கப்பலில் 36 பேர் வந்திறங்கினர். அதுமுதல் 1920ஆம் ஆண்டு அளவும் ஏறக்குறைய 5,00,000 இந்தியர், பீகாரிலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் இத்தீவிற்கு வந்தனர். கப்பலினின்று அவர்கள் ஏறி வந்த கருங்கற் படிகள் இன்றும் உள்ளன. பெரிய கோபுரமோ மாளிகையோ அங்கில்லை. சில படிகள், ஒரு வாயில், நோயாளர் விடுதியின் சில அறைகள், சுவரடிகள், இவையே எஞ்சியவை. உலகப் பாரம்பரியச் சின்னமாக 2006இல் யுனெஸ்கோ இதனை ஏற்றது.

அக்கூடத்தில் வந்தோரைப் பதிவு செய்து, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்தனர். இரண்டு நாளேனும் அங்கே தங்கவைத்துப் பின்னரே தோட்டங்களுக்குப் பிரித்தனுப்புதல் வழக்கமாயிருந்தது. இதனை விளக்கப் பலகையிற் கண்டபோது யாம் சிறிது நேரம் வாய் பேசாது நின்றோம். தலைநகரில் இரண்டு நாள், பின்னர்க் கடற்கரை என்பது எம் திட்டம். அவர்கட்கும் தலைநகரில் இரண்டு நாள். பின்னரோ ஐந்தாண்டு ஒப்பந்தமும் கரும்புக் கொல்லையும். எமக்கு மீளும் நாள் குறித்த சீட்டு கையில் இருந்தது. அவர்களுள் மூன்றிலொரு பகுதியினரே தாய்நாடு மீண்டனர். ஏனையோர் அம்மண்ணிலேயே நிலைத்தனர். போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையை ஞாயிறு வகுப்பிற் கேட்டபோது, அயல்நாட்டு வயலில் நிற்கும் ஒரு பெண்ணின் தனிமை எமக்கு விளங்கியதில்லை. அப்படிகளின்மேல் நின்றபோது விளங்கிற்று.

அவ்விடம் முன்னாளில் ‘கூலித் துறை’ என்றே வழங்கிற்று. இப்போதைய பெயர் 1987இல் இடப்பட்டது. கூலி என்பது நம் சொல். திருவள்ளுவர் மெய்வருந்தி முயன்றார் பெறும் பயனைக் கூலி என்னும் சொல்லாலேயே சுட்டினார். உழைப்பின் ஊதியத்தைக் குறித்த சொல், உழைப்போரை இழிக்கும் பெயராகக் கடலெங்கும் பரவியது வருந்தத்தக்கது. ஆனால் அத்துறையின் வழியே வந்தோரின் வழித்தோன்றல்களே பின்னர் அந்நாட்டின் அமைச்சராகவும் தலைவராகவும் அமர்ந்தனர். நவம்பர் 2ஆம் நாள் இன்று அங்கே அரசு விடுமுறை நாள். வந்தோரின் பதிவேடுகள் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. முன்னோரைத் தேடுவார் அங்கே சென்று தேடுகின்றனர்.

அன்று மாலை கோட்டைக் குன்றின்மேல் ஏறி நகரையும் கடலையும் கண்டோம். கீழே ‘மார்ஸ் திடல்’ பசுமையாய்த் தோன்றிற்று. 1812முதல் குதிரைப் பந்தயம் நிகழும் அத்திடலிலேதான் விடுதலை நாளில் நாட்டுக்கொடி முதன்முதல் ஏறிற்று. அருங்காட்சியகங்களையும் விரைந்து பார்த்தோம். 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்தொழிந்த டோடோப் பறவையின் எலும்புருவம் ஒன்றிலுண்டு. 1847இல் அச்சிட்ட அஞ்சல்தலைகள் மற்றொன்றிலுண்டு. அத்தலைகள் ஒளிபட்டு மங்காதிருக்க மணிக்கொருமுறை சில நிமிடமே விளக்கேற்றிக் காட்டுகின்றனர்.

ஆனால் அங்கு நாள் முழுதும் எல்லார் கையிலும் உலவும் ஒரு காகிதமே எம்மை அவற்றினும் மிக ஈர்த்தது. அஃது அந்நாட்டு உரூபாய்த் தாள். ஆங்கிலத்தோடு தமிழெழுத்தும் தமிழ் இலக்கமும் அதில் அச்சிடப்பட்டுள்ளன. நூறு உரூபாய்த் தாளில் ரெங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழ் வழக்கறிஞரின் உருவமும் காணப்படுகின்றது. நம் நாட்டுத் தாளில் பதினைந்து மொழிகளின் பட்டியலில் ஒன்றாய்த் தமிழ் நிற்கின்றது. அச்சிறு தீவின் தாளிலோ அதற்கு முன்னிடம். அவ்விடமும் எளிதில் நிலைத்ததன்று. 1998இல் வெளிவந்த தாள்களில் தமிழ் இந்திக்குப் பின் வைக்கப்பட்டது. தமிழர் கிளர்ந்தெழுந்தனர், அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையில் மீண்டும் அச்சாயின. தமிழ் பயிலும் மாணவர் என்னும் முறையில் எமக்குப் பெருமை மிகுந்தது. அத்தாளை நீட்டித் தமிழில் விலை வினவினோம். கடைக்காரர் புன்னகை புரிந்து, கிரெயோலில் விடை பகர்ந்தார். அவர் கடைப்பலகையில் இருந்ததோ நல்ல தமிழ்ப் பெயர். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சற்றே உருமாறியிருந்தது. எழுத்து தாளில் உண்டு, பெயர் பலகையில் உண்டு, நாவில் இல்லை. பெருமை குன்றி, எம் உள்ளத்தில் ஓர் அச்சம் புகுந்தது. இருநூறு ஆண்டில் அவர்கட்கு நேர்ந்தது, எம் குழந்தைக்கு ஐந்தாண்டிலேயே நேர்ந்துவிட்டதே என்பதுதான் அவ்வச்சம்.

மறுநாட் காலை தமக்கையார் குழந்தையுடன் தலைநகருக்கு வந்து சேர்ந்தார். அனைவரும் மையச் சந்தைக்குச் சென்றோம். நான்கு திசை மக்களும் கூடும் இடம் அது. பருப்பு வடையை ‘மிளகாய்ப் பலகாரம்’ எனப் பொருள்படும் பெயரால் விற்கின்றனர். பாலில் விதையும் பாசியும் இட்ட குளிர்பானத்தைக் குவளை குவளையாய்ப் பருகுகின்றனர். பழக்கடையின் முன் நின்ற அன்னையார் சிறு வாழைப்பழங்களைக் கண்டு, “மோரீசுப் பழம் இருக்கிறதா என்று கேளேன்” என்றார். நம் ஊரில் அப்பெயரோடு விற்கும் பழத்தை அவர் கருதினார். மொரீசியஸ் என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். தமக்கையார் சிரித்து, “அம்மா, இங்கே எல்லாப் பழமும் மோரீசுப் பழந்தானே!” என்றார். அன்னையாரும் சிரித்தார். ஊரைவிட்டுப் புறப்பட்ட பின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

காய்கறிப் பகுதியில் நெற்றியிற் பொட்டணிந்த மூதாட்டி ஒருவர் கடை வைத்திருந்தார். அன்னையார் பழக்கத்தால், “கொத்தமல்லி ஒரு கட்டு கொடும்மா” என்றார். மூதாட்டிக்கு ஏனைச் சொற்கள் விளங்கவில்லை. ஆயினும் கை தானே ஒரு கட்டை எடுத்தது. “கொத்தொமிலி?” என்றார் அவர். அன்னையார் வியந்து நின்றார். அதற்குள் தமக்கையாரின் இடுப்பிலிருந்த குழந்தை இறங்கி வந்து, “கொத்தொமிலி, ஆயா!” என்றாள். அன்னையார் முருங்கைக் கீரையைத் தொட்டு, “இது முருங்கை” என்றார். “முரூம்!” என்றாள் குழந்தை. பீர்க்கங்காயைக் காட்டினார். “பிப்பங்காய்!” கறிவேப்பிலையைக் காட்டினார். “காரிப்புலே!” ஆயாவும் பேத்தியும் கடைகடையாய் இவ்வாறே சென்றனர். அவர் தமிழில் ஒன்று சொல்ல, அவள் கிரெயோலில் ஒன்று சொல்ல, இரண்டும் ஒன்றேயாய் நின்றன. யாம் பைகளைச் சுமந்து பின்னே நடந்தோம். புட்டு விற்பவரிடம் வந்ததும் இருவரும் ஒரே குரலில் “புட்டு!” என்றனர். அவ்வொரு சொல் எள்ளளவும் மாறவில்லை.

மரூஉ மொழி என்று நன்னூலில் படித்திருக்கின்றோம். புதுச்சேரி புதுவையாயிற்று, தஞ்சாவூர் தஞ்சையாயிற்று எனச் சான்று காட்டித் தேர்வும் எழுதியிருக்கின்றோம். அந்நூற்பாவின் பயன் எமக்குப் போர்ட் லூயிச் சந்தையிலேதான் தெளிவாயிற்று. மருவுதல் சிதைவன்று; ஒரு சொல் பிறர் நாவிலும் பழகிப் பிழைத்திருக்கும் வழி. ஆட்சியாளர் மொழியும் தோட்டத்து மொழியும் பள்ளி மொழியும் மாறிமாறி வந்தபோது, தமிழ் அடுக்களைக்குட் புகுந்து, கீரைக் கட்டிலும் இரசத்திலும் ஒளிந்து உயிர் காத்துக்கொண்டது. ஆங்கே இரசத்தை ‘இரசோன்’ என்கின்றனர். விழாநாளில் வாழையிலையில் படைக்கும் ‘ஏழு கறி’ தமிழரல்லாதாரும் விரும்பி உண்பதாம். தைப்பூசக் காவடிநாள் அங்கே அரசு விடுமுறை. கல்லிலும் தாளிலும் பொறித்ததைக் காட்டிலும், தாய் தன் மகளுக்குக் கைகாட்டிச் சொன்ன சொல்லே நெடுநாள் நின்றது. இது மகிழ்ச்சியோடு எச்சரிக்கையும் தருகின்றது. காயின் பெயர் மட்டும் மொழியாகாது. சொற்கள் இருந்தும் அம்மூதாட்டியும் எம் அன்னையாரும் நெஞ்சுவிட்டுப் பேச முடியாமற் போயிற்றன்றோ? அந்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படுகின்றது. அங்கே கற்பிப்போரின் உழைப்பு எத்துணை அரியது என்பதையும் அன்று உணர்ந்தோம்.

அன்று பிற்பகல், நகரை அடுத்த சாந்த் குருவா என்னுமிடத்திலுள்ள முத்திப்பேறுபெற்ற இலவால் அடிகளின் கல்லறைக்குச் சென்றோம். பிரான்சு நாட்டு மருத்துவராயிருந்து குருவானவர் அவர். 1841இல் அத்தீவிற்கு வந்து, விடுதலை பெற்ற அடிமைகளிடையே அவர்தம் மொழியிலேயே நற்செய்தி கூறி, 1864 செப்டம்பர் 9ஆம் நாள் உயிர்நீத்தார். 1979இல் திருச்சபை அவரை முத்திப்பேறுபெற்றோர் வரிசையிற் சேர்த்தது. ஆண்டுதோறும் அந்நாளில் கிறித்தவரும் இந்துக்களும் முகமதியரும் அங்கே நடந்தே செல்கின்றனர். எம் வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலம் 1877இல் எழுந்தது. அதன் திருக்குளத்து நீரை எம்மதத்தாரும் எடுத்துச் செல்வர். அவ்வூரிலேயே திருக்காமீசுவரர் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம்பிடிப்பதாய்த் தொடர்கின்றது. ஆகலின் அக்கல்லறையருகே பொட்டணிந்த மகளிர் மண்டியிட்டிருந்தது எமக்குப் புதுமையாய்த் தோன்றவில்லை. சொந்த ஊரில் நிற்பதுபோலவே தோன்றிற்று. அன்னையார் நெடுநேரம் வேண்டிக்கொண்டார். என்ன வேண்டினார் என்று யாம் வினவவில்லை.

அந்திப்பொழுதில் மைத்துனர் வண்டி கொணர, ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் சேர்ந்தோம். கடற்கரையின் அழகை விரித்துரைக்கப் புகுந்தால் இவ்வேடு போதாது. பவளப் பாறைகள் தீவைச் சூழ்ந்து அலைகளைத் தடுத்தலின், உட்புறக் கடல் ஏரிபோல் அமைதியாய், பச்சைக்கும் நீலத்திற்கும் இடைப்பட்ட நிறத்ததாய்க் கிடக்கின்றது. மணல் வெண்மை, கரையில், மணப்பட்டில் யாம் கண்ட அதே சவுக்கு மரங்கள். நீந்தினோம், உண்டோம், உறங்கினோம். தலைநகரில் கால்கடுக்க நடந்தமையால் அவ்வோய்வு எமக்கு இனித்தது.

ஆனால் அக்கடற்கரையை யாம் கண்டது வேறு கண்ணால். தெற்கே தொலைவில், கடலை நோக்கி லெ மோர்ன் என்னும் பெருமலை தனித்து நிற்கின்றது. அதன் அடிவாரம் உயர்ந்த விடுதிகளுக்குப் பெயர்பெற்றது. தப்பியோடிய அடிமைகள் அம்மலைமேல் ஒளிந்து வாழ்ந்தனர். 1835இல் அடிமை ஒழிப்பை அறிவிக்கச் சென்ற காவலரைத் தம்மைப் பிடிக்க வந்தாரெனக் கருதி, அவர்கள் பாறையினின்று கடலை நோக்கிப் பாய்ந்து மாண்டனர் என்று அந்நாட்டார் வழிவழியாகக் கூறுகின்றனர். 2008இல் அம்மலையும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆப்பிரவாசி கட்டத்தைக் காணாது வந்திருந்தால் அம்மலை எமக்கு ஓர் அழகிய காட்சியாய் மட்டுமே இருந்திருக்கும். தலைநகரில் எழுத்தறிந்தோம், கடற்கரையில் அவ்வெழுத்தைக் கூட்டிப் படித்தோம். மைத்துனரும் ஓரிரவு, “ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன் மாமா, அந்தப் படிகளை நான் பார்த்ததில்லை. அடுத்த விடுப்பில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்றார்.

யாம் ஊர் திரும்பிய பின் எம் வீட்டில் ஒரு புது வழக்கம் தோன்றியுள்ளது. மாலைதோறும் அன்னையார் ஏதேனும் ஒரு காயையோ கனியையோ கையிற் பிடித்துத் தொலைபேசியின் முன் அமர்கின்றார். பேத்தி அதன் பெயரைக் கிரெயோலில் சொல்கின்றாள்; பின்னர்த் தமிழில் சொல்கின்றாள். காய்கள் தீர்ந்துவிட்டன, இப்போது வினைச்சொற்களுக்கு வந்துள்ளனர். சென்ற வாரம் அவள், “ஆயா, வா” என்றாளாம். அன்னையார் அதனை அண்டை வீட்டார்க்கெல்லாம் சொல்லி வருகின்றார்.

மாணவ நண்பர்களே! நும்மில் தீவுகளுக்கும் கடற்கரைகளுக்கும் செல்லும் பேறு பெறுவார் பலர் இருப்பீர். அந்தமான் செல்வீராயின் அங்குள்ள சிறைக்கூடத்தின் முன் சிறிது நின்று செல்லுங்கள். இலங்கை செல்வீராயின் கொழும்பின் பழந்தெருக்களைக் கண்டு செல்லுங்கள். எம் புதுவைக்கு வருவீராயின், கடல் காணுமுன் வில்லியனூரிலும் பாகூரிலும் ஒருநாள் தங்குங்கள். யாம் உடன்வந்து காட்டுவோம். கடல் எங்கும் கடலே. அது நமக்காகக் காத்திருக்கும். அக்கடலைக் கடந்து வந்தோரும் அதனருகே நின்று அழுதோரும் விட்டுச்சென்ற அடிச்சுவடுகள் நகரங்களிலேதான் உள்ளன. அவற்றை முதலிற் கண்டு, பின்னர்க் கரையில் இளைப்பாறுவோமாக.